மானத்துக்கு மூன்று பேக்கேஜ்: ஒரு கோவை கம்பெனியின் சேவை எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டு ஸ்டார். அந்த இரண்டும் அங்கே மூலை அறையில் உட்கார்ந்திருக்கிற வயசான வக்கீலுக்கு. மற்றபடி அந்த ஏசி, கண்ணாடிக் கதவு, லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற பையன்கள், சர்க்கரை இல்லாமல் வருகிற கிரீன் டீ எல்லாவற்றுக்கும் சேர்த்து முட்டை. கம்பெனி பேரைப் போட மாட்டேன். போட்டால் நோட்டீஸ் வரும், அதை மட்டும் சுறுசுறுப்பாகச் செய்வார்கள். அவிநாசி ரோட்டை ஒட்டி ஒரு சந்து, இரண்டாவது மாடி, அவ்வளவு போதும். வெளியே போர்டில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று இருக்கும். உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான், கெட்டுப்போகப் போகிற பேரைக் காப்பாற்றித் தருகிற வியாபாரம் என்பது தெரியவரும்.

நான் அரசியல்வாதி இல்லை. ஒரு அண்ணனுக்குக் கூடமாட இருப்பவன். கார் ஓட்டுவேன், போன் எடுப்பேன், கல்யாண வீடு, எழவு வீடு, நோம்பி எதற்கு எவ்வளவு வைத்தோம் என்று நோட்டில் எழுதி வைப்பேன். அண்ணன் ஒன்றியத்தில் பொறுப்பில் இருந்தார், அடுத்தது எம்எல்ஏ சீட் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கட்சி எது என்று கேட்க வேண்டாம், எந்தக் கொடியை வைத்துப் பார்த்தாலும் கதை பொருந்தும். ஈரோட்டுப் பக்கமா திருப்பூர்ப் பக்கமா என்பதையும் விட்டுவிடுங்கள். விஷயம் இன்றைக்கு ஊரில் எல்லாருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும், அதனால் இதை எழுதுவதில் புதிதாக யாருக்கும் சேதாரமில்லை. அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுடா, நாலு பேர் காசாவது மிஞ்சட்டும்" என்றார்.

நடந்தது இதுதான். அண்ணனுக்கு வேறு ஒரு இடத்தில் பழக்கம், சில வருஷமாகவே. அந்த அம்மிணியைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன், அவர் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, காண்ட்ராக்ட் வேணும் டிரான்ஸ்ஃபர் வேணும் என்று வந்து நின்றதும் இல்லை. ஒருநாள் பொழுதோட, ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து அண்ணன் வாட்ஸாப்புக்கு மூன்று போட்டோவும் ஒரு ஆடியோவும் வந்தன. கீழே "வணக்கம் தலைவரே, பேசிக்கலாமுங்களா" என்று ஒரு வரி, அதன் பின்னால் ஒரு கும்பிடு பொம்மை. கரகரக் குரலில் மிரட்டுகிற வில்லன் எல்லாம் இல்லை, நம்ம பக்கத்து ஆள், 'ங்க' போட்டுத்தான் மிரட்டினான். காரில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு யூடியூப் சேனல் என்று சொல்லித் திரிகிறவன் என்பது பின்னால் தெரிந்தது. வேட்பாளர் பட்டியல் வருகிறவரை பொறுத்துக்கொள்கிறேன், அதற்குள் கவனித்துவிடுங்கள், இல்லையென்றால் ஊர் குரூப்பில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன் என்பது சாராம்சம்.

அரிசிம்பருப்பு சோற்றுக்கு நெய் ஊற்றி வைத்தால் இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுகிற மனுஷன், அன்றைக்குச் சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு என்ன என்று அண்ணி கேட்டதற்கு "சோலி ஜாஸ்தி" என்றார். இந்த வெசனத்தில் இருக்கும்போதுதான் ஒரு ஜவுளி முதலாளி இந்த ஆபீஸ் விலாசத்தைத் தந்தார். அவருக்கு இந்த விலாசம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

வரவேற்பில் குறை சொல்ல முடியாது. நோட்டில் பேர் எழுதச் சொல்லவில்லை, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. தலைக்கு மேலே கேமரா மட்டும் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பேர் எழுதாத ஆபீஸில் முகத்தை மட்டும் எதற்குப் பதிவு செய்கிறார்கள் என்று கேட்டேன், "அது பில்டிங் ஓனருதுங்க" என்றார்கள். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு மெனு மாதிரி விலைப்பட்டியலை அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். சில்வர், கோல்டு, பிளாட்டினம். முன்பணம் ஐம்பதாயிரம், அது எந்தப் பேக்கேஜ் எடுத்தாலும் உண்டு, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

சில்வர் என்பது தேடலில் வருகிறதைக் கீழே தள்ளுவது. அண்ணன் பேரைத் தட்டினால் கபடிப் போட்டியைத் தொடங்கி வைத்தது, கண் முகாம் நடத்தியது, குளம் தூர்வாரியது என்று வரிசையாக நல்ல செய்தியே வரும்படி கட்டுரை எழுதி அங்கங்கே போடுவார்கள். கெட்டது இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும், இரண்டாம் பக்கத்தை எவனும் பார்ப்பதில்லை. பொய்யான வேலை இல்லை, ஒரு ஆஸ்பத்திரிக்கோ வீட்டு மனை விற்கிறவருக்கோ உதவும். ஆனால் ஒரு ஒன்றியச் செயலாளர் பேரை எவன் கூகுளில் தேடப்போகிறான்? எங்கள் பக்கம் சங்கதி நடப்பது பேக்கரி வாசலில், கையில் டீயும் தேங்காய் பன்னுமாக நிற்கும்போது. அதற்கு எந்தப் பையன் கட்டுரை எழுதித் தடுப்பான்? சாம்பிள் காட்டினார்கள், அண்ணனைக் "கொங்கு மண்ணின் கலங்கரை விளக்கம்" என்று எழுதியிருந்தது. கடலே இல்லாத ஊரில் கலங்கரை விளக்கம் எதற்குத் தம்பி என்றேன், குறித்துக்கொண்டான்.

கோல்டு கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் காசு பிடுங்குகிற இடம் அதுதான். எங்கே வந்தாலும் எடுத்துவிடுவோம், "வாட்ஸாப்ல வந்தாலும் எடுத்துடுவோமுங்க" என்று அடித்துச் சொன்னான் மேனேஜர் பையன். இது நடக்காது. வாட்ஸாப்பில் அனுப்புகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் அந்தக் கம்பெனிக்காரனே செய்தியைப் படிக்க முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறான், அவிநாசி ரோட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் போனிலிருந்து எதை உருவுவது? ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் பண்ண முடியாது என்று அதற்கு முன்னாலேயும், ரொம்பச் சுற்றி வந்ததை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் என்று 2020இலும் வாட்ஸாப்பே கட்டுப்படுத்தியது. அதையும் ஏதோ இவர்கள் சாமர்த்தியம் மாதிரி ஸ்லைடில் போட்டுக் காட்டுகிறார்கள்.

யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டா என்றால் எடுக்க முடியும், ஆனால் அதற்கு இவர்கள் வேண்டாம். 2021இல் வந்த ஐடி விதிகளில், ஒருவருடைய அந்தரங்கப் படத்தைப் போட்டிருந்தால் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்த 24 மணி நேரத்தில் அந்தத் தளம் அதை எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள், 2026இல் அந்தக் கெடுவை இன்னும் குறைத்தார்கள். அந்தந்தத் தளத்திலேயே குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவர் விவரம் போட்டிருக்கும், அவருக்கு எழுதினால் போதும், காசு கிடையாது. இன்னொன்று, படம் வெளியே வருவதற்கு முன்னாலேயே தடுக்க ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு வசதி 2021 கடைசியிலிருந்து இருக்கிறது. நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் எடுத்து அதை மட்டும்தான் அனுப்பும், படம் நம் கையை விட்டுப் போகாது. அந்த எண்ணோடு பொருந்துகிற படத்தை ஃபேஸ்புக், இன்ஸ்டா மாதிரி சேர்ந்திருக்கிற தளங்களில் யாராவது ஏற்றப் பார்த்தால் பிடித்துவிடும். படத்தில் இருக்கிறவர்தான் இதைச் செய்ய வேண்டும், இதுவும் இலவசம். இதையேதான் இந்த ஆபீஸில் "டிஜிட்டல் கைரேகைப் பாதுகாப்பு" என்று கோல்டு பேக்கேஜில் தனி வரி போட்டு விற்கிறார்கள்.

விற்றால்கூடப் போகிறது. "அந்த மூணு போட்டோவையும் எங்க நம்பருக்கு அனுப்பிடுங்க சார், மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒருத்தன் கையில் படம் இருக்கிறது என்றுதான் இங்கே ஓடி வந்திருக்கிறோம், இப்போது அதை முன்பின் தெரியாத இன்னொருத்தன் கையிலும் நாமே கொண்டுபோய்க் கொடுப்பதா? போதாததற்கு அது அண்ணன் மட்டும் இருக்கிற படமும் இல்லையே, அந்த அம்மிணியைக் கேட்காமல் அனுப்ப இவர் யார், வாங்க அவன் யார்? எவன் கேட்டாலும் படத்தை அனுப்பாதீர்கள். மற்றதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் பிளாட்டினம். இதற்குத்தான் கதவைச் சாத்தினார்கள். விலையை வாயால் சொல்லவில்லை, கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டினார்கள். என்ன செய்வார்களாம்? படம் வந்ததும் "இது ஏஐ வைத்துச் செய்தது, எதிரிகளின் சதி" என்று அண்ணன் பேச வேண்டிய வீடியோவை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வார்களாம். அதோடு ஒரு நிபுணர் ரிப்போர்ட்டும் ஏற்பாடு பண்ணுவார்களாம். அது எடுபடாவிட்டால் இரண்டாவது கட்டம், அந்த அம்மிணி இப்படித்தான், இதற்கு முன்னாலும் பல பேரிடம் இப்படித்தான் என்று நாலு சேனலில் பேச வைப்பது. அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, பேனாவால் கட்டங்களை டிக் அடித்துக்கொண்டே போனான். அண்ணன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை, அன்றைக்கு இருந்த பயத்தில் சரி என்று சொல்லியிருப்பார்.

நல்லவேளை, எந்தப் பேக்கேஜ் எடுத்தாலும் சட்ட ஆலோசனை ஒரு மணி நேரம் அதில் சேர்ந்தது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு மூலை அறைக்கு அனுப்பினார்கள். கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, முறுக்கு தின்றுகொண்டிருந்தார் ஒரு பெரியவர். எங்களைப் பார்த்ததும் டப்பாவை நீட்டி, "எடுத்துக்குங்க, பொறவு பேசலாம்" என்றார். அந்த மாடியில் எங்களை மனுஷனாகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

அவர் முதலில் கேட்டது "மிரட்டுனவனுக்குக் காசு ஏதாச்சும் குடுத்துட்டீங்களா?" இல்லை என்றதும் மூச்சு விட்டார். அப்புறம் அமெரிக்காவில் முதல் நிதி மந்திரியாக இருந்த ஹாமில்டன் கதையைச் சொன்னார். 1791இல் மரியா ரேனால்ட்ஸ் என்ற பெண்ணோடு பழக்கம், புருஷன்காரனுக்குத் தெரிந்துபோய் அவன் காசு கேட்க, ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார். கொடுத்ததால் வாய் அடைந்ததா? அந்த ஆள் வேறொரு மோசடியில் மாட்டியபோது, தான் தப்பிக்க இவரைத்தான் இழுத்துவிட்டான். கடைசியில் 1797இல், பதவியை வைத்து அந்த ஆளோடு சேர்ந்து கள்ளத்தனமாகக் காசு பார்த்தார் என்று பழி வந்து நின்றபோது, அய்யா அது களவு இல்லை, கள்ளத்தொடர்புக்குக் கொடுத்த காசு என்று ஹாமில்டனே புத்தகம் போட்டு ஊருக்குச் சொல்ல வேண்டிவந்தது. "குடுத்த காசுதானுங்க தம்பி அவருக்கே சாட்சியா வந்து நின்னுச்சு" என்றார். ஒன்றியத்து ஆள் காசு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும், அண்ணனுக்கு அது உறைத்தது.

பிளாட்டினம் பற்றிச் சொன்னதும் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது, அந்த ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவர் என்பதே மறந்துபோச்சு. பிரிட்டனில் 1963இல் ப்ரொஃப்யூமோ என்ற யுத்த மந்திரி, கிறிஸ்டின் கீலர் என்ற பெண்ணோடு தப்பாக எதுவும் இல்லை என்று மார்ச் 22ஆம் தேதி பார்லிமென்டில் எழுந்து நின்று சொன்னார். அந்தப் பெண்ணுக்கு சோவியத் தூதரகத்து ஆள் ஒருவரோடும் பழக்கம் என்பதால் விவகாரம் அடங்கவில்லை, ஜூனில் ஒப்புக்கொண்டு ராஜினாமா. பழக்கம் 1961இல், அது தானாகப் பதவியைப் பறிக்கவில்லை, சபையில் சொன்ன பொய்தான் பறித்தது. அந்த வருஷ டிசம்பரில், இதை ஒட்டி வந்த வேறு ஒரு வழக்கில் பொய் சாட்சி என்று கீலருக்கு ஒன்பது மாதம் ஜெயில். "மந்திரி ஊட்டுக்குப் போனாரு, புள்ளை ஜெயிலுக்குப் போச்சு. இவனுக இப்ப அந்த அம்மிணியைத்தான் இழுக்கச் சொல்றானுக, யோசிச்சுக்குங்க" என்றார். ஏஐ என்று சொல்லிவிட்டு, நாளைக்கே லேபுக்கு அனுப்பி நிஜம் என்று வந்தால் அப்போது எந்த முகத்தோடு போஸ்டர் ஒட்டுவீர்கள் என்றும் கேட்டார். அண்ணன் அப்போதுதான் முறுக்கு எடுத்தார்.

இடையில் லட்சுமிகாந்தன் கதையும் வந்தது, இந்த வயசு ஆட்களிடம் மஞ்சள் பத்திரிகை என்று பேச்செடுத்தாலே அது வந்துவிடும். சினிமாக்காரர்களின் படுக்கையறை சங்கதியை அச்சடித்தும், அச்சடிக்காமல் இருக்கக் காசு வாங்கியும் பிழைத்த அந்த இந்துநேசன் ஆசிரியர் 1944 நவம்பரில் மெட்ராஸில் கத்திக்குத்தில் செத்தது, அதில் பாகவதரும் கலைவாணரும் ஜெயிலுக்குப் போய் 1947இல்தான் விடுதலையானது எல்லாம் தெரிந்ததுதான். கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோ நடத்திய ஸ்ரீராமுலு நாயுடுவும் அதே வழக்கில் கைதாகி, விசாரணையில் விடுதலையானவர் என்பதை நம்ம ஊர்க்காரர் என்ற உரிமையோடு ரொம்ப நேரம் சொன்னார். எங்களுக்குக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் கால்வாசி அதிலேயே போனது, நான் குறை சொல்ல மாட்டேன்.

சட்டம் என்று பார்த்தால் அவர் சொன்னது சுருக்கம். 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை ரத்து செய்த பிறகு இந்த மாதிரிப் பழக்கம் குற்றம் இல்லை. அண்ணி விவாகரத்து கேட்டால் அதற்குக் காரணமாகும், அது வேறு. ஆனால் அவன் செய்தது பணம் பறிக்கிற மிரட்டல், பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதுச் சட்டத்தில் 308ஆம் பிரிவு, பணம் கைமாறியிருந்தால் ஏழு வருஷம் வரை போகலாம். வந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், அவனோடு பேரம் பேசாதீர்கள், நம்பரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், ஆன்லைனிலும் கொடுக்கலாம். 1930 என்ற நம்பர் முக்கியமாகப் பணம் போய்விட்டால் உடனே கூப்பிட. அதற்கு முன்னால் ஒன்று என்று சொல்லி அண்ணனைப் பார்த்தார். "ஊட்ல நீங்களே சொல்லிப்போடுங்க. அந்த அம்மிணிகிட்டயும் இப்பிடி ஒருத்தன் கையில படம் இருக்குதுன்னு சொல்லிருங்க, அவங்களுக்குத் தெரியாம நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அண்ணன் அன்றைக்கே சொன்னார். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் வாசலில் காரில் இருந்தேன். ஒறம்பரை வந்தால் அண்ணி சிரித்துப் பேசுகிறார், அவர்கள் போன பிறகு பேச்சில்லை, அது அவர்கள் பாடு. புகார் கொடுத்ததும் அந்த யூடியூப் ஆள் நம்பரை மாற்றினான், ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டதும் ஸ்டிக்கரைக் கிழித்தான் என்று கேள்வி. ஆடியோ மட்டும் இரண்டு மூன்று குரூப்பில் சுற்றியது. கொஞ்ச நாள் பேக்கரியில் நாங்கள் போனால் பேச்சு நின்றது, அப்புறம் மாரியம்மன் நோம்பி சாட்டினார்கள், யார் தேருக்கு எவ்வளவு என்ற சண்டையில் இது பின்னுக்குப் போய்விட்டது. படம் வெளியே வரவே இல்லை. சீட் கிடைத்ததா என்றால் இல்லை. மாவட்டச் செயலாளரைப் போய்ப் பார்த்தபோது அவர், "இது போன வருசமே தெரியுமப்பா, இதுக்கா சீட்டு நிக்குது? எவ்வளவு செலவு பண்ணுவேன்னு சொல்லு" என்றார். அண்ணனால் சொல்ல முடியவில்லை.

இனி கம்பெனி மேல் என் வழக்கு. பேக்கேஜ் எதுவும் வேண்டாம், வக்கீலுக்கு உண்டானதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றோம். முன்பணம் திரும்பாது, வேண்டுமானால் அதற்கு ஈடாகப் பொங்கல் வாழ்த்து, தலைவர் பிறந்தநாள் என்று போஸ்டர் டிசைன் பண்ணித் தருகிறோம் என்றார்கள். பில்லில் "சமூக ஊடக விழிப்புணர்வுப் பயிற்சி" என்று போட்டிருந்தது. பொங்கலுக்கு வந்த டிசைனில் அண்ணன் இனிஷியல் தப்பு. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ரகசியம்தான் சரக்கு என்று விற்கிற கடை, கொஞ்ச மாதம் கழித்து "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் நற்பெயர் பாதுகாப்புத் திட்டம் காலாவதியாகிறது, இன்றே புதுப்பித்தால் 20 சதவீதம் தள்ளுபடி" என்று மொத்தமாக மெசேஜ் விடுகிறது, அது போனது ஜிஎஸ்டி பில்லுக்காக நாங்கள் கொடுத்த வீட்டு நம்பருக்கு. அண்ணி அதைப் படித்துவிட்டு என்னிடம் போனை நீட்டி, "இதுக்கும் காசு கட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டார். விஷயத்தை முன்னாலேயே சொல்லியிருந்ததால் தப்பித்தோம். சொல்லாமல் பிளாட்டினம் எடுத்திருந்தால், மிரட்டினவன் செய்யாததை அந்த மெசேஜ் செய்திருக்கும்.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனால் பேக்கேஜ் பேச்செடுக்காமல், சட்ட ஆலோசனை மட்டும் தனியாக வேண்டும் என்று கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள், அதற்குக் கட்டணமும் சல்லிசுதான், ஆனால் பட்டியலில் அச்சடித்திருக்க மாட்டார்கள். பெரியவர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். வண்டி நிறுத்த இடமில்லை, கீழே மெடிக்கல் கடைக்காரர் சத்தம் போடுவார், மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போய்விடுங்கள், காரில் கட்சிக் கொடி இருந்தால் கழற்றிவிட்டு.